எனக்கு ஒரு ஹாபி வேண்டியிருந்தது

"ஹாபி இன்னான்னு கண்டிப்பா கேப்பாங்கடி" என்று என் கல்லூரித் தோழி போனில் சொன்னபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க நாலு பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"எதையாவது சொல்லிக்கறேன், போ" என்றேன்.

"எதையாவது சொன்னா மாட்டிக்குவே. புக்கு படிப்பேன்னு சொன்னா எந்த புக்குன்னு கேப்பாங்க. பாட்டு கேப்பேன்னு சொன்னா ஒண்ணு பாடுன்னு சொல்லுவாங்க. நெஜமா இருந்தா சொல்லு, இல்லன்னா இப்பலேர்ந்து ஒண்ண புடிச்சிக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஹாபி என்ன சளியா, பிடித்துக்கொள்ள?

நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது. உத்திரமேரூரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை. பீஸ் கட்ட வருகிறவர்களுக்கு ரசீது போடுவது, அட்மிஷன் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இப்படி. என் பி.காம். சான்றிதழ் பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் வெளியே எடுத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப மடித்து வைப்பேன். பிள்ளைகள் இரண்டும் பெரிதாகி வேன் ஏறிப் போக ஆரம்பித்துவிட்டன. காஞ்சிபுரத்துக்கோ ஒரகடத்துக்கோ விடியுமுன் பஸ் ஏறிப் போக எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். மானாம்பதியிலிருந்து போய்வருகிற தூரத்தில், புடவை கசங்காமல் பார்க்கிற வேலை இது ஒன்றுதான் வந்தது. இதை விட்டால் எனக்கு அடுத்த வேலை நாற்று நடுவதுதான் என்று எனக்கே தெரிந்திருந்தது.

என் மாமியாருக்கு இது தெரியாது. ஒருமுறை டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "வூட்டுப் பொம்பள வேலைக்கிப் போனா, சோத்துக்கு இல்லாம அனுப்பறாங்களான்னுதான் ஊரு கேக்கும்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லியிருந்தார். அது எனக்குத்தான். என் கணவர் சண்டை என்றால் வரப்பில் இறங்கி நழுவிவிடுகிற ஆள். "கெடைச்சா சொல்லிக்கலாம். கெடைக்கலன்னா எதுக்கு வீண் பேஜாரு" என்று முடித்துவிட்டார். ஆக வேலை கேட்பதும் ரகசியம், ஹாபி தேடுவதும் ரகசியம்.

போனில் இருந்த அகராதியில் போட்டுப் பார்த்தேன். பொழுதுபோக்கு என்று வந்தது. எங்கள் வீட்டில் பொழுதைப் போக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. மாட்டைக் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் அது தானாகப் போய்விடும். போகாதே, இன்னும் துணி காயவில்லை என்று கெஞ்சினாலும் நிற்காது. அதைப் போக்குவதற்கென்று தனியாக ஒரு காரியம் வைத்திருக்கிறவர்கள் யார், அவர்கள் வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கணவரிடம் கேட்டேன். அவர் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வேல கேட்டு வர்றவகிட்ட, வேல இல்லாத நேரத்துல இன்னா பண்ணுவேன்னு எதுக்குக் கேக்கறான்?" என்றார். "மாடு வாங்கறவன் பாலு எத்தினி லிட்டருன்னு கேப்பான். மாடு சும்மா கீறப்போ இன்னா பண்ணிக்கினு கீதுன்னா கேப்பான்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நேர்காணலில் போய் இதைச் சொல்ல முடியாது.

சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க அவரோடு உத்திரமேரூர் போனபோது, கடைக்கார பாயிடமும் கேட்டுவைத்தேன். பஜாரில் பல வருஷமாக ஜெராக்ஸ் கடையும் ஸ்டேஷனரியும் வைத்திருக்கிறவர். ஊரில் பாதிப் பேருடைய வேலை விண்ணப்பம் அவர் மெஷினில்தான் வெளிச்சம் கண்டிருக்கிறது.

"தொயிலுன்னா காசு உள்ள வரும்மா. ஹாபின்னா காசு வெளிய போவும். இஷ்டப்பட்டுப் போவும்" என்றார். அவருக்குப் புறா. மொட்டை மாடியில் கூண்டு கட்டி வளர்க்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் அவரைப் புறாக்களிடமிருந்து பிரிக்க முடியாது என்றும், அந்தப் புறாக்களின் பேச்சை எடுத்தாலே அவர் வீட்டம்மா எழுந்து போய்விடுவார் என்றும் அவரே சொன்னார்.

என் கணவர் தாடியைச் சொறிந்துகொண்டே, "காசு வெளிய போனா ஹாபின்னா, அப்ப வெவசாயமும் ஹாபிதான் பாய்" என்றார்.

"இஷ்டப்பட்டா பண்றீங்க?"

நான் ஜெராக்ஸ் பிரதிகளை அடுக்கி உறையில் போட்டு முடித்துவிட்டேன். "அப்பிடித்தான் போல கீது" என்றார்.

அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் இவருக்கு ஹாபி என்னவாக இருக்கும் என்றே எனக்குப் புத்தி போயிற்று. என் மாமியாருக்குச் சாவு வீடு. நாலு ஊர் தள்ளி யாரோ போனாலும், "பாவம், தெரிஞ்ச மனுசி" என்று கிளம்பிவிடுவார். போய் மனம்விட்டு அழுதுவிட்டு வந்து, தலைக்குக் குளித்து, பசியோடு சாப்பிட்டு, யார் யார் வந்தார்கள், யார் கண்ணில் தண்ணீரே வரவில்லை என்று சாயங்காலம்வரை சொல்வார். இஷ்டப்பட்டுப் போவது, காசும் போவது, பாய் சொன்னதற்கு அப்படியே பொருந்தியது. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட்டு அதே வீட்டில் நான் குடியிருக்க முடியுமா?

எனக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. என் பெண்ணின் பள்ளி நூலகப் புத்தகத்தை எடுத்து வாசலில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் மாமியார் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒடம்பு சரியில்லியா?" என்றார். பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். சரி, பூச்செடி வைக்கலாம் என்று கிணற்றோரம் நாலு ரோஜாக் கட்டையை நட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் இரண்டு ரோஜாவுக்கு நடுவே கத்தரி நாற்று நின்றது. "எடம் வீணா கீதேன்னு வெச்சேன்" என்றார் மாமியார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, ஆனால் எதற்கு ரோஜா என்று கேட்டால் பதில் இல்லையே. மென்று முழுங்கிக்கொண்டேன்.

தோழிக்கு மறுபடி போன் போட்டேன். "வாக்கிங்னு சொல்லுடி. செலவே இல்ல. ரெண்டு நாளு நடந்துட்டு தைரியமா சொல்லலாம். ஆனா வேகமா நடக்கணும், கைய வீசி நடக்கணும். ஆடி அசைஞ்சி நடந்தா அது வாக்கிங் இல்ல" என்றாள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இங்கேதான் ஆரம்பம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தெருவில் போனால் கையில் ஏதாவது இருக்கும். குடம், கூடை, தூக்கு, அரிவாள், ஒன்றுமில்லாவிட்டால் இடுப்பில் ஒரு குழந்தை. கையைப் பார்த்தே அவள் எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்வார்கள். தூக்கு என்றால் வயலுக்குச் சோறு. கேன் என்றால் பால் சொசைட்டி. துணிப்பை என்றால் ரேஷன். கையில் ஒன்றுமே இல்லாமல், விடியற்காலையில், ஒரு பெண்பிள்ளை வேகமாகப் போகிறாள் என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். புருஷன் வீட்டில் சண்டை, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகிறாள். பதினாலு வருஷமாக அந்த ஊரில் வாழ்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். நல்ல புடவையாக ஒன்றைக் கட்டினேன், தலையை இறுக்கிப் பின்னினேன், ஏரிக்கரைமேல் ஏறி நடந்தேன். கையை வீசினேன். தோழி சொன்ன வேகம் குறைந்துவிடக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன். ஏரிக்கரை நேராகப் போய் பஸ் நிற்கிற இடத்தில் இறங்கும்.

பால் சொசைட்டிக்குப் போன எதிர்வீட்டு அக்காதான் முதலில் பார்த்தார். "எங்க இவ்ளோ காலையில?"

"சும்மாக்கா" என்றேன் நிற்காமல். கோபித்துக்கொண்டு போகிறவளும் அதையேதான் சொல்வாள்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அக்கா கேனை அப்படியே கரையில் வைத்துவிட்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, ஆடுகளை விட்டுவிட்டு. எதிரே மொபெட்டில் போன ஒரு பெரியவர் என்னைக் கடந்ததும் வண்டியைத் திருப்பி, கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். அவர்களும் கூட்டினார்கள். ஆடு மேய்க்கிற அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைங்க மொகத்த நெனைச்சிப் பாரு தாயி. கெயவி நாளைக்கிப் போயிடுவா. நீதானே வாயப்போற."

"அய்யோ, யாரும் ஒண்ணும் சொல்லல. நான் ஹாபிக்கி நடக்கறேன்."

"ஹாபியா? அது எந்தப் பக்கம் கீது?" என்றார் மொபெட்காரர்.

விளக்கம் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாயிற்று. அழாமல் பேசியதால் மனசு கல்லாகிவிட்டது என்றார்கள். பிறகு கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே, "பாத்தியா, உள்ள எவ்ளோ வெச்சிக்கினு கீது பொண்ணு" என்றார்கள். என்னை நடுவில் விட்டு, சாமி ஊர்வலம் மாதிரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு வாசலில் அதற்குள் கூட்டம். என் மாமியார் நடுவில் நின்றுகொண்டிருந்தார், கையில் துடைப்பம். "நான் இன்னா சொன்னேன் இவள? நேத்து ராத்திரி கருவாட்டுக் கொழம்பு நல்லா கீதுன்னுதானே சொன்னேன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் கணவர் மாட்டுக் கொட்டகையில் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதோடு விட்டதா? என் தாய் வீடு ராஜகுளம். அந்த ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த இன்னொரு பெண் இருக்கிறாள். நல்ல மனசோடு அவள் என் அண்ணனுக்கு போன் போட்டுவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் என் அண்ணன்கள் இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். பெரியவன் கைலியோடு. சின்னவன் பல் தேய்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அத்த, எதுவா இருந்தாலும் ஒக்காந்து பேசித் தீத்துக்கலாம்" என்றான் பெரியவன்.

"மொதல்ல நாஷ்டா சாப்டு நைனா. வெறும் வயித்துல பஞ்சாயத்து வாணாம்" என்றார் மாமியார். சம்பந்தி வீட்டு ஆட்கள் சண்டைக்கே வந்தாலும் இட்லி வைக்காமல் விட்டால் அது தனிக் குற்றமாகிவிடும். அவர்கள் சாப்பிட்டார்கள். சின்னவன் இரண்டாம் முறை சட்னி கேட்டான். வாசலில் ஊர் காத்திருந்தது.

பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம், நேர்காணல், ஹாபி, தோழி, ரோஜாக் கட்டை, எல்லாம். இனிமேல் மறைத்து என்ன? வேலை என்றதும் பெரியண்ணன் முகம் மாறியது. "வேலைக்கிப் போற அளவுக்கு இங்க இன்னா கொற?" என்று ஆரம்பித்தான். நான் மாமியார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது, அவர் மகன் மாட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வரமாட்டார்.

"வேலைய அப்பறம் பேசிக்கலாம்" என்றார் மாமியார். அவருடைய கோபம் வேறு பக்கம் இருந்தது. "ஊரு பூரா, நான் மருமவளத் தொரத்திட்டேன்னு பேசுது. ஊரு வாய மூட ஒலமூடி கெடையாது. நாளைக்கிக் காலையில நீ நடக்கற. நானும் கூட வரேன். எவ எவ பாக்கணுமோ பாக்கட்டும்."

மறுநாள் அப்படியே நடந்தது. மாமியார் கையில் ஒரு காலித் தூக்கை எடுத்துக்கொண்டார், வெறுங்கையோடு நடக்க அவருக்குக் கூச்சம். எதிரே வந்த எல்லோரையும் நிறுத்தி, "பாத்துக்க, நானும் எம் மருமவளும் சும்மா நடந்துக்கினு கீறோம். ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆடு மேய்க்கிற அம்மாவிடம் மட்டும், "கெயவி நாளைக்கிப் போயிடுவாளா?" என்று கேட்டுவிட்டு நின்றார். அந்த அம்மா ஆட்டைக் கூப்பிடப் போய்விட்டார்.

ஊருக்குக் காட்டுவதற்கு ஒரு நாள் போதும். ஆனால் அடுத்த நாள் நான் செருப்பைப் போடும்போது அவர் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளும். தூக்கு வீட்டில் ஆணியிலேயே தொங்கிற்று.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததே இல்லை. வயலுக்குப் போனால் வரப்பில்தான் போக வேண்டும், வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் போக முடியும். அவர் முன்னால், நான் பின்னால். அவர் முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஏரிக்கரை அகலம். முகத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். அவருக்குச் சிரிக்கும்போது ஒரு கன்னத்தில் குழி விழும் என்று நான் அந்த வாரம்தான் பார்த்தேன்.

பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. யார் வீட்டு நெல் கதிர் வாங்குகிறது, எது பூச்சி பிடித்திருக்கிறது, யார் மகன் மெட்ராஸில் யாரைப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். ஒருநாள் ஏரித் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் பிறந்த ஊர் ஐயங்கார்குளம். கல்யாணத்துக்கு முன்பு அங்கே குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துவாராம். வந்த பிறகு ஒருநாளும் இறங்கவில்லையாம்.

"அதான் அத்த ஹாபி" என்றேன் நான் உற்சாகமாக.

"அது நீச்சலுடி" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்கிற மரியாதை அவருக்கு அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

வேலையைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்கவும் பயந்தேன். நாலு நல்ல நாளைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்வானேன்? ஆனால் ராத்திரி படுத்தால் இதே கணக்குத்தான். நேர்காணலில் தேறினாலும் இவர் வேண்டாம் என்றால் அவ்வளவுதான்.

நேர்காணல் நாள் வந்தது. காலையில் மாடு பால் கறக்கவிடாமல் படுத்தியதில் நடக்க நேரமில்லாமல் போயிற்று. நான் புடவை கட்டி உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், மாமியார் நல்ல புடவையில் பஸ்ஸுக்குத் தயாராக நிற்கிறார்.

"நீங்க எதுக்கு அத்த?"

"எந்த ஸ்கூலு, யாரு இன்னா கேக்கறாங்கன்னு பாக்க வாணாவா?" என்றார். மறுத்துப் பேச நேரமில்லை. தடுக்கத்தான் வருகிறாரோ என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். முதல்வர் அம்மா ஒருத்தர், பக்கத்தில் தாளாளர். கணக்கு கேட்டார்கள், சொன்னேன். கம்ப்யூட்டரில் ஒரு ரசீது அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு முதல்வர் கேட்டார்.

"ஹாபி?"

"வாக்கிங், மேடம்."

"குட். தனியாவா?"

"இல்ல மேடம். என் மாமியார்கூட."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். தாளாளரைப் பார்த்தார். தாளாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இங்க பாரும்மா" என்றார் முதல்வர், குரலை உயர்த்தாமல். "புக் படிப்பேன்னு சொல்வாங்க, தோட்டம் போடுவேன்னு சொல்வாங்க. கொஞ்சம் கூட்டிச் சொல்றது இருக்கத்தான் செய்யும், நாங்களும் விட்டுடுவோம். மாமியார்கூட வாக்கிங் போறது என் ஹாபின்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஹாபின்னா என்னன்னு தெரியுமா? யாரும் சொல்லாம, நாமளா ஆசைப்பட்டுச் செய்யறது. நானும் ஒரு வீட்டுக்கு மருமகதான்."

"நெஜமாத்தான் மேடம்."

"பணம் வாங்கற இடத்துல உட்காரப் போறீங்க. சின்ன விஷயத்துலயே இப்படின்னா..." என்று மீதியைச் சொல்லாமல் என் சான்றிதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஒரு உண்மையைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊர்வலம் போனேன், அண்ணன்மாருக்கு இட்லி போட்டேன், இந்த உண்மைக்காக.

"வெளியதான் ஒக்காந்துகினு கீறாங்க. கூப்ட்டுக் கேளுங்க மேடம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். நேர்காணலுக்கென்று ஒரு வாரமாகப் பழக்கிவைத்த பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை. சொன்ன பிறகுதான் யோசித்தேன். என் வேலையை நானே எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டேனே.

மாமியாரைக் கூப்பிட்டார்கள். வந்தார். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

"அம்மா, நீங்களும் உங்க மருமகளும் தினம் வாக்கிங் போறீங்களாமே, நிஜமா?"

"போறோம்மா."

"அவங்க அதை ஹாபின்னு சொல்றாங்க. உங்களுக்கும் அது ஹாபியா?"

மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஹாபி கீபியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார். "காலையில இவகூட அந்தக் கரமேல ஒரு நட நடந்துட்டு வந்தா, அன்னிக்கிப் பூரா இவளத் திட்ட மனசு வர மாட்டேங்குது. அது மட்டும் தெரியும்."

தாளாளர் ஜன்னலிலிருந்து திரும்பினார். முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பதினாலு வருஷத்தில் இவர் என்னைப் பற்றி அடுத்தவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லி என் காதால் கேட்டதில்லை, இன்றைக்குச் சொன்ன ஒன்றும் திட்டுவதைப் பற்றித்தான், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேலைக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று முதல்வர் மாமியாரைக் கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"எத்தினி மணிக்கி வரணும்?" என்றார் மாமியார்.

"ஒன்பது மணிக்கு."

"நடந்துட்டு வந்தே அனுப்பலாம். நேரம் கீது."

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்படியெல்லாம் எங்களுக்குள் வழக்கம் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டேன். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தார். முந்தானையை ஒழுங்காக எடுத்துவிடத் தெரியவில்லை, பெரிய மனுஷி முன்னால் வெடுக்கென்று பேசுகிறேன், மாடு உதைக்கிற அளவுக்குக் கறக்கிற கை, ஜெராக்ஸுக்கு எதற்கு இத்தனை பிரதி. அன்றைக்கு நாங்கள் நடக்கவில்லை அல்லவா, உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.